ஈரக் கழிவு

பகாவ் ஆலையின் எடைப்பாலத்தில்
இரண்டாம் ஷிப்டு எனக்கு.
லோரிக்கும் லோரிக்கும் நடுவே
சில நாள் பத்து நிமிடம், சில நாள் நாற்பது.
அதில்தான் பின்னப் பழகினேன்.

ஐந்து வெள்ளிக் கடையில் வாங்கிய நூல்,
பாண்டான் பச்சை.
நாலு மில்லி கொக்கி ஊசி.
கைப்பேசியில் சத்தமில்லாமல் ஒரு பெண் காட்டுகிறாள்:
சுண்டுவிரலில் ஒரு சுற்று,
நடு விரல்களுக்கு அடியில் விட்டு
ஆள்காட்டி விரல்மேல் ஏற்று.
இழுக்காதே. விட்டும் விடாதே.
நூல் விரலிடுக்கில் தானாக நடக்கட்டும்.

கீழே எழுத்தில் ஓடுகிறது: டென்ஷன்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை.
பள்ளி பஸ் வராவிட்டால் டென்ஷன்,
கார் தவணை பிந்தினால் டென்ஷன்.
அதை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும்படி
இதுவரை யாரும் சொன்னதில்லை.

முப்பது கண்ணியில் தொடங்குவேன்.
ஆறாம் வரிசையில் இருபத்தெட்டு இருக்கும்.
இரண்டு எங்கே இறங்கிப் போயின
என்று எண்ணி எண்ணிப் பார்ப்பேன்.
ஓரம் சரிந்து
குடைசாய்ந்த லோரிபோல் துணி.
ஊசியே நுழையாத இடம்,
மகனின் தலைமையாசிரியர் அழைத்த நேரம்.
விரல் போய்வரும் ஓட்டை,
நான் பத்தரைக்குத் தூங்கி விழுந்தது.

வேர்வையில் நூல் கிறீச்சிடும்.
உள்ளங்கையில் பவுடர் தட்டிக்கொள்வேன்.
எடைச்சீட்டுகளில் எல்லாம் வெள்ளையாக என் ரேகை.

பாக் ஹம்டான் ஜன்னல் குழிக்குள் எட்டிப் பார்த்து
வலையா என்று கேட்டார் மலாயில்.
ஆற்றில் வலை வீசுகிறவர்.
இல்லை, சதுரம் என்றேன்,
சுடுதண்ணிக் கெத்தலுக்கு அடியில் வைக்க.
இதுவா சதுரம் என்று சொல்லாமல்
தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார்.
துணி சரிந்த பக்கமே சாய்த்தார்.

அந்தப் புதன்கிழமை
அவருடைய பழைய லோரி தட்டில் ஏறியது.
எண் துடித்தது.
ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது, எண்பது, அறுபது,
அங்கே நின்றது.
முதுகுக்குப் பின்னால் புவனராஜ் சார்.
நூத்திருபது கழிச்சிடு கமலவேணி. ஈரம்னு போடு.
மூணு வாரமா மழையே இல்லையே சார்.
டென்ஷன் ஆவாதே.

போட்டேன்.

பாக் ஹம்டான் சீட்டைப் பார்க்கவில்லை.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
தெரிமா காசி என்றார், எப்போதும்போல.

கதவைச் சாத்தி ஊசியை எடுத்தேன்.
கை நடுங்கும் என்று நினைத்தேன்.
நடுங்கவில்லை.
இருந்த இருபத்தெட்டும் இருபத்தெட்டாகவே நின்றன,
ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.
பொன்னி அரிசிபோல் ஒன்றுபோல் ஒன்று.
இரண்டு மாதமாக வராதது
அன்றைக்கு வந்தது.
உள்ளங்கை காய்ந்திருந்தது, பவுடர் கேட்கவில்லை.

அந்த வரிசையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஊசியை உருவி நூலை இழுத்தேன்.
ஒன்றும் சிக்கவில்லை,
அவ்வளவு சீராகப் போட்டிருந்தேன்.
கீழே இருந்த கோணல்களைத் தொடவில்லை.
அவை கிடக்கட்டும், அவை என்னுடையவை.

அவிழ்ந்த நூல் நேராகவில்லை.
மீ போலச் சுருண்டு மடியில் கிடந்தது.
இழுத்துப் பிடித்தால் நிமிர்கிறது,
விட்டால் பழைய வளைவுக்கே போகிறது.

இழுப்பறையில் சீட்டின் நகல்.
அவர் போன் நம்பர்
நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.
செம்பனை வரிசை முடியும் வளைவில் விளக்கு,
இன்னொரு லோரி.
சுருள் நூலைச் சுண்டுவிரலில் சுற்றுகிறேன்.
கை ஈரமாக இருக்கிறது.
பவுடர் டப்பா எட்டும் தூரத்தில்தான்.
எடுக்கவில்லை.